உள்ளே போனால் ஃபோன் கூடாது

ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஓர் அம்மாவும் மகளும். மகளுக்குப் பெங்களூரில் விண்வெளித் தொலைநோக்கிக்கான கருவி செய்யும் பயிற்சியாம். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.

"உள்ள போறப்போ பொம்பளப்புள்ள ஃபோனை எதுக்குடி வாங்கி வைக்கிறாங்க?"

நானும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"நட்சத்திரத்தோட துளி வெளிச்சத்தப் பிடிக்கிற கருவிம்மா. ஐஸைவிடக் கடுங்குளுருல வச்சிருப்பாங்க. ஃபோன் சிக்னல் பட்டாலே சூடாயிரும்."

"யாரு காதுல பூ சுத்துற? அந்த ஆபீஸ் நம்பரைக் குடு."

அந்த அம்மா அங்கேயே பேசினார்.

"ஏனுங்க, எம்புள்ள ஃபோனைப் புடுங்கி வைப்பீங்களா?"

செத்த நேரம் கேட்டுவிட்டு ஃபோனை வைத்தார்.

"ஆமாங்கிறான். கள்ளனா இருந்தா இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணியிருப்பான். போயிட்டு வா. தினம் வெளிய வந்ததும் எனக்குப் பேசிரணும்."