நடுவில் ஒரு கண்டக்டர்

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடம் ஜன்னலோரப் பெண் சொன்னார்:

“ரத்தம் குடுக்குறப்ப மயங்கி விழுந்தா நான் தூக்க மாட்டேன்னு இவங்ககிட்ட சொல்லிடுங்க.”

“பக்கத்துலதானேம்மா உக்காந்திருக்காங்க?”

“நாங்க பேசிக்கிறதில்ல. என் வீட்டுக்காரர் இலங்கைச் சண்டையில காணாமப் போயிட்டாரு. இவங்க அவரோட தங்கச்சி. செத்துட்டார்னு முடிவு பண்ணி படத்துக்கு மாலை போட்டாங்க. நான் கழட்டி எறிஞ்சேன். அதோட சரி.”

“இப்ப ரத்தம் எதுக்கு?”

“அங்க தோண்டுன எடத்துல எலும்பு கெடைச்சிருக்கு. அவரோடதான்னு பாக்கணும்னா கூடப்பொறந்தவங்க ரத்தம் வேணுமாம். பொண்டாட்டி ரத்தம் ஆகாதாம்.”

“ஆகாதுன்னு நானா சட்டம் போட்டேன்னு கேளுங்க” என்றார் தங்கச்சி.

கண்டக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி, “கேக்குறாங்கம்மா” என்றார்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. மற்றவர்களுக்கு டிக்கெட் போடாமல் கண்டக்டர் அங்கேயே நின்றார்.

“பொருந்திருச்சுன்னா மாலைய அண்ணியே போடட்டும்னு சொல்லுங்க” என்றார் தங்கச்சி.

கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலோரப் பெண் தங்கச்சியிடமே திரும்பினார்.

“பொருந்தலைன்னா?”

“பொருந்தலைன்னா, மாலை போட்டதுக்கு அண்ணன் வந்து என்னை நாலு அறை அறையட்டும்.”

ஜன்னலோரப் பெண் ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டார்.

“அவர் கை நீட்ட மாட்டாருன்னு சொல்லுங்க.”