ரெகுலேட்டருக்குள் ஒரு காகிதத் துண்டு

பழைய டிராக்டர்கள் எதையும் ஒளிக்காது ஐயா, அதனால்தான் எனக்கு அவற்றைப் பிடிக்கும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லையா, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் குறை தானாக வந்து நிற்கும்.

அக்கா வீட்டுக்காரருடைய வண்டி என்னைவிட வயதில் மூத்தது. முதல் தடவை அத்தான் கூப்பிட்டபோது பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. டைனமோவில் கார்பன் தேயவில்லை. சார்ஜை அளந்து விடுகிற ரெகுலேட்டர் பெட்டியைத் திறந்தால், கரண்ட் தாண்டுகிற பாயின்ட் கருகிக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் மீட்டர் முள் ஏறிவிட்டது. அரை மணி நேர வேலை.

"வண்டி கெட்டாத்தான் தம்பி இந்த வாசலை மிதிப்பான். அடிக்கடி கெடட்டும்" என்று அக்கா சமையலறையிலிருந்து சிரித்தாள்.

அம்மா போனபின் என்னை வளர்த்தவள். அவள் வாய்விட்டுக் கேட்டதை நான் மறுத்ததே இல்லை. மூடியைப் பூட்டுவதற்குமுன் பாயின்ட் நடுவே சின்னக் காகிதத் துண்டு ஒன்றைச் செருகினேன். சார்ஜ் நின்றுபோனது.

அதன்பிறகு வாரம் தவறாமல் பேட்டரி படுத்துவிடும், நான் போவேன். அத்தான் நல்ல மனிதர். என் வேலையை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. முன்னால் நின்று ஹேண்டில் சுற்றி ஸ்டார்ட் செய்யப் பழகிக்கொண்டார். தோள் வலித்தால் அக்கா எண்ணெய் தேய்த்துவிடுவாள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

போன மாதம் ஒரு நாள், "இதை வித்துட்டு வேற ஊருக்குப் போயிடலாம்னு இருக்கோம், மாப்ள. நீயும் எத்தனை நாள்தான் அலைவே?" என்றார். அக்கா, "ஆமாடா" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அவர் எதிரில் வேறென்ன செய்வாள், பாவம்.

மறுநாள் காலை, வாங்குகிறவர் வருவதாக இருந்தது. வண்டியைத் துடைத்து வைத்தேன். காகிதத்தையும் எடுத்துவிட்டேன். முன்பின் தெரியாதவரை ஏமாற்றக் கூடாது. பிறகு வண்டியின் மூக்கு சுவரைப் பார்க்கும்படி ஷெட்டுக்குள் விட்டேன். நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் வைத்தேன். எப்போதும் நியூட்ரலில்தான் நிறுத்துவோம், அன்று முதல் கியரில் நிறுத்தினேன். சின்ன கியர் என்றால் சுற்றுகிற கைக்கு அவ்வளவாகத் தெரியாது.

"பேட்டரி டல்லா இருக்கு அத்தான். ஹேண்டில்லயே போட்டுடுங்க."

"சரி மாப்ள."

இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்த வயது எஞ்சினுக்கு அது நல்ல ஸ்டார்ட். கியரில் இருந்த வண்டி சுவர்வரை போய்த்தான் நின்றது. எஞ்சினை அணைக்கிற கம்பி எனக்கு நாலடி தூரத்தில்தான் இருந்தது. நான் கை துடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா ஓடி வந்தாள். கியர் கம்பியைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "ஏண்டா?" என்றாள். அழுகிறவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

புகார் கொடுத்ததே அவள்தான் என்கிறீர்கள். கொடுத்திருப்பாள், நாலு பேர் வாய்க்குப் பயந்து செய்திருப்பாள். நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் சரி, கையெழுத்துப் போடுகிறேன். உள்ளே இருப்பவர்களைப் பார்க்க என்றைக்கு விடுவார்கள் என்று மட்டும் அவளுக்குச் சொல்லி அனுப்புங்கள். பாவம், தெரியாமல் வேறு நாளில் வந்து வாசலில் நிற்பாள்.