மேடையில் சொல்லக்கூடாத பெயர்

— நான் கார் ஓடிக்கொண்டு கேக்கிறன், என்ட பேச்சில அந்த ஜெர்மனித் துண்டிலயிருந்து இன்னொருக்கா வாசியும், மலர்.

— "ஜெர்மனியில் யூதப் படுகொலை நடக்கவேயில்லை என்று சொன்னால் சிறை. அமெரிக்காவில் அது பேச்சுச் சுதந்திரம்." இதை ஏன் யூதச் சனத்தின்ட கூட்டத்திலயே போய்ச் சொல்லுறீங்கள்? அவையளுக்குத் தெரியாதே?

— பிறகுதானே எங்கட கதை வருது. முள்ளிவாய்க்காலில ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொல்லுறவனையும் மறியலில அடைக்கச் சட்டம் வேணும் எண்டு கேக்கப்போறன். நான் முடிக்க நீர் எழும்பிக் கண்டதைச் சொல்லும். நான் தொண்ணூறிலயே ஊரை விட்டு வெளிக்கிட்டவன். என்ட வாயால சொன்னா எடுபடாது.

— கண்டது எல்லாத்தையும் சொல்லட்டே?

— ஷெல் அடிச்சது, ஆசுப்பத்திரி, பங்கருக்குள்ள கிடந்தது. பத்து நிமிசம் காணும்.

— என்ட தம்பி கஜன்?

— அவனை இதுக்குள்ள கொண்டுவராதையும்.

— பதினேழு வயசு. துவக்குப் பிடிச்சுச் சுடவே தெரியாது. இயக்கம் கொண்டுபோய் ரெண்டு கிழமையில ஆளே இல்லை.

— விசர்க் கதை கதையாதையும்! இயக்கம் பிள்ளை பிடிச்சது எண்டதெல்லாம் ஆமிக்காரன் கட்டிவிட்ட கதை. வருசா வருசம் நவம்பரில அவன்ட படத்துக்கு மாவீரர் எண்டு விளக்குக் கொளுத்திறம்.

— அப்ப நடக்கவேயில்லை எண்டுறீங்கள்?

— ஒண்டு ரெண்டு நடந்திருக்கும். ஆனா அந்த மேடையில சொல்லிப் பாரும்! "அவையே ஒத்துக்கொள்ளினம்" எண்டு சொல்லி மற்ற எல்லாத்தையும் பொய்யாக்கிப் போடுவாங்கள். நாளைக்குக் காலமை ஃபேஸ்புக்கில ஓடும். செத்த சனத்தை யோசியும்.

— யோசிக்காமலே? எனக்கும் அந்தப் பயம் இருக்கு. நித்திரை வராம யோசிச்சனான். ஆனா அங்க வாய் திறக்கப் பயந்து இருந்தனாங்கள். ஆரும் எதையும் சொல்லலாம் எண்ட நாட்டுக்கு வந்தும், உங்களிட்டக் கேட்டோ நான் என்ட தம்பின்ர பேரைச் சொல்ல வேணும்?

— கடவுளே, எக்சிட்டை விட்டிட்டன்! உம்மட கதையால.

— அடுத்ததில திரும்புங்கோ. இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு.

— அரியரட்ணம் தம்பதி பேசுவினம் எண்டு நோட்டீசில போட்டாச்சு. இப்ப போய்... சரி, நான் ஒண்டு கேக்கிறன். கலியாணம் பேசேக்க ஃபோனில என்ன சொன்னனீர்? "தம்பி தானாத்தான் இயக்கத்துக்கு எழும்பிப் போனவன்." அழுதழுது சொன்னனீர். அதைத்தானே நான் பதின்மூண்டு வருசமா ஊர் முழுக்கச் சொல்லுறன்?

— சொன்னனான்.

— அது பொய்யோ?

— பொய்யில்லை. "நான் வாறன்" எண்டு அவன்தான் எழும்பினவன்.

— பேந்தென்ன?

— காரை ஓரமா நிப்பாட்டுங்கோ.

— ஃப்ரீவேயில எங்க நிப்பாட்டுறது? சொல்லும்.

— நடந்ததை இல்லையெண்டுற ஆக்களை மறியலில போடச் சொல்லிக் கேளுங்கோ. முதல் ஆள் நான்தான். இயக்கப் பெடியள் வந்து நிக்க, நான் பங்கருக்குள்ள மூச்சு விடாமக் கிடந்தனான். அவங்கள் பிடிக்க வந்தது என்னை.