தானாகக் காலியாகும் தொட்டி

இல்ல தம்பி, நான் அழிக்கவே இல்ல. அத மொதல்ல மனசுல வாங்கிக்கிட்டு அப்புறம் லேப்டாப்புல கைய வைங்க. அழிச்சது அவரு. அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், படியில பையத் தோள்ல மாட்டிக்கிட்டு நிக்கறாரே, என் வீட்டுக்காரர். உங்க ரிப்பேர் கடை வரைக்கும் அதத் தூக்கிட்டு வந்தாரே ஒழிய, ஞாயித்துக்கிழமையிலேருந்து என்கூடப் பேச்சில்ல. கதவச் சாத்துங்க, காதுல விழப்போவுது... விழட்டுமே, எனக்கென்ன.

அவருக்கு ஒரு வியாதி தம்பி. ஒதுக்கற வியாதி. மேசையில ஒரு துண்டுத் துணி கெடந்தாப் போதும், கை துறுதுறுங்கும். நானோ கொழந்தைங்களுக்கு கவுன் தைக்கறவ. துண்டு துணி இல்லாமத் தையல் நடக்குமா? லேப்டாப்லயும் இதே கூத்துதான். நான் வரைஞ்ச கவுன் மாடல் ஒண்ணு ஸ்க்ரீன்ல கெடந்தா, ‘எதுக்கு இந்த அடைசல்’னு தூக்கிடுவாரு. ஒரு தடவ என் தங்கச்சி கல்யாண போட்டோவே போயிடுச்சு. அவ இன்னிவரைக்கும் மொகம் குடுத்துப் பேசறதில்ல... அவ எப்பவுமே அப்படித்தான், அது வேற விஷயம்.

சரி, எங்க வெச்சா இந்த மனுஷன் கை படாதுன்னு யோசிச்சேன். வீட்டுல அவரு தொடாத ஒரே சாமான் குப்பைத்தொட்டி. பீரோவ அடுக்குவாரு, செருப்ப வரிசையா வெப்பாரு, தொட்டி நெரம்பி வழிஞ்சா மட்டும் தாண்டிப் போவாரு. அதான், லேப்டாப்லயும் ஓரத்துல தொட்டி படம் இருக்குல்ல, அதுக்குள்ள எல்லா மாடலையும் போட்டு வெச்சேன். ஏன் சிரிக்கறீங்க? எத்தன நாளு பத்திரமா இருந்துச்சு தெரியுமா?

இப்ப ஒரு பெரிய துணிக்கடையில மாடலையெல்லாம் பாக்கணும்ங்கறாங்க. பிடிச்சா வருஷம் பூரா தையல் வேலை எனக்குத்தான். நாளைக்குக் காட்டணும். ஞாயித்துக்கிழம தொறந்து பாக்கறேன், தொட்டி தொடச்சு வெச்ச மாதிரி இருக்கு. அவரத் தவிர வேற யாரு? நாத்தனார் முன்னாடியே வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். ‘நான் தொடவே இல்லடி’ன்னு சொல்லிப் பாத்தாரு. நான் எங்க கேட்டேன்?

எதுக்கு ஸ்க்ரீன என் பக்கம் திருப்பறீங்க? ‘தொட்டியில் உள்ளவற்றை மாதம் ஒருமுறை தானாக அழி’... இதுவா? இது எனக்குத் தெரியுமே. எடமே இல்லன்னு லேப்டாப் மொனகிக்கிட்டே கெடந்துச்சு. தொட்டிய இனிமே நானே காலி பண்ணிக்கட்டுமான்னு கேட்டுச்சு. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து வீட்டுத் தொட்டிய நான்தான் கொட்டறேன் தம்பி. ஒரு நாள், ஒருத்தர், ‘நீ இரு, நான் கொட்டறேன்’னு சொன்னதில்ல. மெஷினாவது கேக்குதேன்னு சந்தோஷமா சரின்னு ஒரு அமுக்கு...

...

திரும்ப எடுக்கவே முடியாதா? ஒண்ணு ரெண்டாவது?

சரி. அவர உள்ள கூப்பிடாதீங்க. மெஷின்ல ஏதோ பழுதுன்னு நீங்களே அவர்கிட்ட... வேணாம், ஒண்ணும் சொல்லாதீங்க. நானே போய்ச் சொல்றேன். வெயில்ல நிக்கறாரு, பாவம். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?

என்ன, தொட்டி தானாக் காலியாகறத நிறுத்திடட்டுமாவா? இருக்கட்டும் தம்பி. எங்க வீட்டுல நான் சொல்லாமயே குப்பையக் கொட்டறது அது ஒண்ணுதான்.