அடிகுழாய்ப் பூட்டு

என் பெயர் ஏனெலெசி சிங்வாலு. வயது முப்பத்து நான்கு. மலாவி நாடு, மங்கோச்சி மாவட்டம், ஏரிக்கரை முசாலே கிராமத்தில் குடியிருந்து, மீன் காயவைத்து விற்றுப் பிழைக்கிறேன். பூட்டை உடைத்தது, விடுதிக்குள் அத்துமீறி நுழைந்தது என்று என்மேல் இரண்டு குற்றம் இருப்பதாகக் காவலர் சொன்னார். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு இருந்தது ஒரே அடிகுழாய். மூன்று வருடத்துக்கு முன் ஏரிக்கரை விடுதிக்காரர்கள் வேலி போட்டபோது அது வேலிக்குள் போனது. மேலாளர் பிலிமோன் ம்போதோ அதற்குப் பூட்டுப் போட்டார். அதுவரை பாத்திரம் கழுவ மட்டும் போய்வந்த நாணல் துறையில், அதன் பிறகு குளிக்க, துவைக்க, குடிக்க எல்லாவற்றுக்கும் நாங்கள் இறங்கினோம். விடுதிக்கு முன்னால் நாணலை வெட்டி மணல் கொட்டியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் தண்டுக்குத் தண்டு நத்தை.

சென்ற வருடம் மழை முடிந்ததும் என் தங்கை லொஞ்செசோவுக்கு, வயது இருபத்திரண்டு, மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் இரத்தம் போகத் தொடங்கியது. சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த உதவியாளர் அவளைச் சோதிக்காமலே, வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி, "எத்தனை பேரோட போன?" என்று கேட்டார். அதன் பிறகு அவள் கணவன் வைசன் அவளுடைய பாயைச் சுருட்டி வாசலில் வைத்தான். அன்றிலிருந்து அவள் என் வீட்டில் இருக்கிறாள். சிறுவயதில் தனக்கும் சிறுநீர் சிவப்பாகப் போனதை ஆம்பளை ஆன அடையாளம் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவன் அவன்.

இந்த வருடம் விடுதியில் ஒரு வாரம் நீந்திவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவர், தனக்கு ஏரி நோய் வந்துவிட்டதாக விடுதிக்கு எழுதினாராம். பத்தே நாளில் மருத்துவர் வந்தார். விருந்தினருக்கும் விடுதி ஊழியருக்கும் மாத்திரை கிடைத்தது. எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உயரத்தை அளந்து மாத்திரை தருவார்கள். பெரியவர்களுக்கு இல்லை. நான் தங்கையின் சிறுநீரைப் போத்தலில் எடுத்துப் போய் அந்த மருத்துவரின் வழியை மறித்துக் கொடுத்தேன். அவர் கருவியில் பார்த்துவிட்டு, "இதுல கெட்ட நடத்தை எதுவும் இல்லம்மா. நத்தையில வளர்ந்து, தண்ணியில கை கால் வச்சா தோல் வழியா உள்ள போற புழு. முட்டை அத்தனை இருக்கு. கர்ப்பப்பை வரைக்கும் புண்ணாயிருக்கும்" என்றார். குழந்தை தங்குமா என்று கேட்டேன். அவர் அவளுக்கு மாத்திரையைக் கொடுத்து, என்ன நோய் என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை மேலாளரிடம் போய்க் குழாயைத் திறந்துவிடக் கேட்டேன். விருந்தினர் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்க ஆளுங்களை ஏரியில ஒண்ணுக்குப் போகாம இருக்கச் சொல்லு. நோய் தானா நிக்கும்" என்றார்.

நான் திரும்பிப் போய் நாணல் துறையில் ஒரு வாளி தண்ணீர் மொண்டு வந்து அவருடைய மேசைமேல் வைத்தேன்.

"ஐயா, கையை விடுங்க. ஒரு தட்டு கழுவுற நேரம் போதும்."

அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"என்னம்மா, பைத்தியமா உனக்கு? எடுத்துட்டுப் போ!"

"இதுலதான் என் தங்கச்சி பத்து வயசுல இருந்து பாத்திரம் கழுவுறா. மூணு வருஷமா இதைத்தான் குடிக்கவும் செய்யுறா. நீங்க ஒரு விரலாவது வைங்க."

வைக்கவில்லை. காவலாளியைக் கூப்பிட்டார். காவலாளி எங்கள் ஊர்க்காரர். வந்தார், என்னைத் தொடவில்லை. அதன் பிறகு நான் குழாயடிக்கு நடந்து போய், கீழே கிடந்த கல்லால் பூட்டை நான்கு முறை அடித்தேன். நான்காவது அடியில் திறந்தது. பெண்கள் குடங்களோடு உள்ளே வந்தார்கள். உச்சிப்பொழுதில் காவலர்களின் ஜீப் வரும்வரை குழாய் நிற்கவே இல்லை.

வந்த பெண்களின் பெயர்களைக் காவலர் கேட்டார். சொல்ல மாட்டேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. தங்கை மாத்திரை சாப்பிட்டாள், இரத்தம் குறைந்திருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துவிட்டு வைசன் வந்து அழைத்தான். "பாயை நீயே வச்சுக்க" என்று சொல்லி அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதுவரை சொன்னது நான் கண்டதும் செய்ததும். காவலர் எனக்கு முழுவதையும் படித்துக் காட்டினார். நடுவில் "செய்ததற்கு வருந்துகிறேன்" என்று நான் சொல்லாத ஒரு வரி இருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். அடித்த பிறகே கைநாட்டு வைத்தேன்.

(ஏனெலெசி சிங்வாலு, இடது பெருவிரல் ரேகை)