உறைப்பு கூட்டி அரையுங்கோ

இல்லை ஜமால்தீன் நானா, பிழையாக் கொண்டு வரேல்லை. மல்லிக்குச் சரிக்குச் சரி செத்தல் மிளகாய்தான் போட்டிருக்கிறன். எல்லாம் நானே வறுத்தனான். பக்கத்து வீட்டு அனுஜா இருமி இருமி யன்னலைச் சாத்தினவள். சாத்தட்டும். மா மாதிரி அரைக்காதேங்கோ, கொஞ்சம் கரகரப்பா இருக்கோணும்.

என்ன, உறைப்பு உடம்புக்குக் கூடாதோ? ஆர் சொன்னது, உங்கட வட்ஸ்அப்போ? நானா, நான் கொன்வென்டில படிச்சனான். மனையியல் படிப்பிச்ச சிஸ்டர் சொன்னவ, பச்சை மிளகாயில இருக்கிற விட்டமின் சி தோடம்பழத்தில இருக்கிறதை விடக் கூட எண்டு. தோடம்பழமெண்டால் சத்து, மிளகாயெண்டால் நஞ்சோ? உறைப்புத் திண்டால் மூக்கடைப்புப் போகும், வேர்க்கும், இரத்தம் ஓடும், மனுசனுக்குச் சோத்தில ஆசை வரும். வயித்துப்புண்காரர் விலகி இருக்கட்டும், அது வேற கதை. உங்கட வயித்தெரிச்சல் மிளகாயால இல்லை, விடியவெள்ளன வெறும் வயித்தில ஊத்துற பிளேன்டீயால. வீட்டில ஜெஸ்லியாவைக் கேளுங்கோ, சொல்லுவா.

ஓம், இவ்வளவு நாளும் வரேல்லைத்தான். வேற மில்லுக்கும் போகேல்லை, முகத்தை நீட்டாதேங்கோ. எங்கட வீட்டில மிளகாயே இல்லை. எங்கட மனுசன் யோசேப்புக்குத் தொண்டையில புற்றெண்டு கொழும்பில கரண்ட், அதுதான் கதிர்வீச்சு, வைச்சது தெரியும்தானே. வாயெல்லாம் புண். புண் ஆறினாப் பிறகும் நாக்கு மரக்கட்டை. விளைமீன் குழம்பும் ஒண்டு, வெந்நீரும் ஒண்டு. ருசி வரலாம், வராமலும் போகலாம், வந்தால் கொஞ்சங்கொஞ்சமா உறைப்புக் குடுங்கோ எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இவர் வாய்விட்டுக் கேக்கிற வரைக்கும் நானும் மிளகாயைத் தொடமாட்டன் எண்டு முடிவெடுத்தன். ஒவ்வொரு நாளும் சோறும், மிளகாய் போடாத தேங்காய்ப்பால் மஞ்சள் சொதியும். வைச்சதைத் திண்டுபோட்டு எழும்பிப் போவார். ஒரு சொல் இல்லை. முந்தியெண்டால் அந்த மனுசன் என்ர கறியில குறை பிடியாமல் கை கழுவினதே இல்லை. இப்ப வாயே திறக்கிறாரில்லை எண்டால், இனி ருசி வராது எண்டுதானே நினைப்பன். அடுப்படியில நிண்டு மாதாவோட சண்டை பிடிச்சனான். இங்கிலீசிலயும் பிடிச்சனான்.

நேற்று உயிர்த்த ஞாயிறு, தவக்காலம் முடிஞ்ச நாள். பூசை முடிஞ்சு வந்து கதிரையில இருந்தார். சோத்தைப் போட்டன். ஒரு வாய் வைச்சிட்டுச் சோத்துக் கோப்பையைத் தள்ளினார். மேரி ரோஸ், இந்த வீட்டில மிளகாய்க்கு ஊரடங்குச் சட்டமோ எண்டு கேட்டார்.

நான் அகப்பையைக் கீழ வைச்சன். ருசி எப்ப வந்தது எண்டு கேட்டன். தவக்காலம் துடங்கின கிழமையே வந்திட்டுதாம். பிறகேன் மனுசா சொல்லேல்லை? உங்கட நோன்பு மாதிரித்தானே நானா எங்கட தவக்காலம், ஆளாளுக்கு ஒண்டை விடுவினம். மற்ற ஆம்பிளையள் சாராயத்தை விட்டினம், சுருட்டை விட்டினம். இவர் என்ர சமையலைக் குறை சொல்லுறதை விட்டவராம்.

சிரியுங்கோ, சிரியுங்கோ. நானும் முற்றத்தில நிண்டு சிரிச்சனான், கோழியெல்லாம் வேலிக்கு அங்கால ஓடிட்டுது. சரி, மெசினைப் போடுங்கோ, மத்தியானத்துக்குக் கணவாய்க் கறி கேட்டிருக்கிறார்.

ஆ, அந்தச் சொதியோ? தவக்காலம் முழுக்க ஒரு நாளும் உப்புச் சரியில்லையாம், நானா.