மஞ்சள் புள்ளி இல்லாத சக்கரம்

கையில் ஏறிய கிரீஸ் போகச் சோப்பு மட்டும் போதாது சார். பாத்திரம் கழுவுகிற சோப்பில் ஒரு கரண்டி சீனியைப் போட்டு, ஈரமில்லாத கையில் தேய்க்க வேண்டும். தண்ணீர் அதற்குப் பிறகுதான். நகக்கண்ணுக்குப் பழைய பல்துலக்கி. என் கையைப் பாருங்கள். சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலைக் காலம் முழுக்க மெஷின் பழுது பார்த்த கை. தெரியாதவர்கள் ஆபீஸில் பேனா பிடிக்கிற கிராணி கை என்றுதான் சொல்வார்கள்.

டீ வேண்டாம். தவறாக நினைக்காதீர்கள், அந்தக் கிளாஸின் விளிம்பில் யாருடைய உதட்டுத் தடமோ இருக்கிறது. எனக்கு அது ஆகாது.

என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். அதற்குக் காரணம் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தங்கை விமலாவிடம் பேசிவிட்டு வெளியே வந்தீர்கள். என் தோளில் கை வைத்தீர்கள். "பழைய காடிய வீட்டுலயே கழட்டி மாட்டுனா இப்படித்தான் அங்கிள் ஆகும். கொஞ்சம் கேர்லெஸ் ஆயிருச்சு. வேணும்னே செய்யல இல்ல, விடுங்க lah" என்றீர்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னீர்கள், தெரியும். கார் விபத்தில் என் தங்கை புருஷன் முகுந்தன் செத்துப்போயிருந்தான். விமலாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது. ஆனால் கேர்லெஸ் என்ற அந்த வார்த்தையோடு என்னால் தூங்க முடியவில்லை இன்ஸ்பெக்டர் புனிதன். நான் அரைகுறை வேலை செய்கிறவன் இல்லை.

அந்தக் காரை நான் எப்படி வாங்கினேன் என்று முதலில் சொல்கிறேன். ரந்தாவ் பக்கம் ஒரு எஸ்டேட் மேனேஜருடைய கார். அவர் போனபிறகு பங்களாவுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் நின்றது. ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் செடான், ஆறு சிலிண்டர். உள்ளே சீட்டெல்லாம் பூஞ்சைக்காளான், எஞ்சினுக்கு மேலே எலி குட்டி போட்டிருந்தது. வொர்க்ஷாப்காரன் பார்த்துவிட்டு இரும்புக்குப் போடச் சொன்னான். நான் ரஹாங்கில் என் வீட்டுப் போர்ச்சில் வைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, கழுவி, தேய்ந்ததை மாற்றி மாட்டினேன். சாமான் கிடைக்காதபோது மாதக்கணக்கில் காத்திருந்தேன், மட்டமான சாமானைப் போட்டதில்லை. முதல் தடவை ஸ்டார்ட் ஆனபோது விமலா கை தட்டினாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை சார். அம்மா அப்பா போனபிறகு அவளை வளர்த்துப் படிக்கவைத்ததும் நான்தான். அவளும் அந்தக் காரும்தான் என் வீடு.

தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு போல்ட்டைச் சரியான அளவுக்கு முடுக்கியதும் அதன் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்போம். புள்ளி இருந்தால் வேலை முடிந்தது, இல்லாவிட்டால் முடியவில்லை. வீட்டிலும் அப்படித்தான். முடியாத வேலைக்கு நான் புள்ளி வைத்ததே இல்லை.

விமலாவுக்கு வேறொரு வழக்கம். கார் ஜேக்கில் ஏறி இறங்கினால் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும், அதற்கு முன்னால் யாரும் ஏறக் கூடாது. எல்லாரும் புதுக் காருக்குச் செய்வதை அவள் ஒவ்வொரு ரிப்பேருக்கும் செய்யவைத்தாள். டயரில் சாறு ஒட்டும், எறும்பு வரும். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அவளுக்காக வைப்பேன், மஞ்சள் புள்ளி வைத்து முடித்தபிறகு என் கையாலேயே வைப்பேன். நாளடைவில் எங்கள் வீட்டில் அதுவே அடையாளமாகிவிட்டது. பழம் வைத்தாயிற்று என்றால் அண்ணன் வேலையை முடித்துவிட்டார் என்று அர்த்தம்.

பிறகு முகுந்தன் வந்தான்.

அவனைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். எல்லாரும் நல்லவன் என்றுதான் சொல்லியிருப்பார்கள், நானும் மறுக்கவில்லை. கோலா சாவா எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன், ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். குடி கிடையாது. விமலாவை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. வீடு பெரிதாக இருக்கிறதே என்று கல்யாணத்துக்குப் பிறகு எங்களோடு வந்து தங்கினான். என்னை வாய் நிறைய மச்சான் மச்சான் என்பான்.

அந்த வாயைத்தான் சொல்ல வருகிறேன். அது மூடியே இருக்காது. சாப்பிடும்போது பேசுவான், பேசும்போது சோற்றுப் பருக்கை தெறிக்கும். விரல் இடுக்கில் குழம்பு வழியும், அதை மணிக்கட்டிலிருந்து நக்குவான். அந்தக் கையைப் பெயருக்குத் தண்ணீரில் காட்டிவிட்டு என் காரின் ஸ்டீயரிங்கைப் பிடிப்பான். அவன் ஓட்டிவிட்டு இறங்கினால் ஸ்டீயரிங்கில் மஞ்சளாக ஒரு பிசுக்கு இருக்கும், வெந்தய வாடை அடிக்கும். சாம்பல் போடுகிற தட்டில் ஒருநாள் வெட்டிய நகம் கிடந்தது. கால் நகம். கதவைச் சாத்துவதென்றால் அறைவதுதான். எத்தனை தடவை சொல்லியும் "ஸாரி மச்சான்" என்று சிரித்துக்கொண்டே மறுபடியும் அறைவான். எனக்கு அவன்மேல் கோபம் வந்ததில்லை சார். அவன் இறங்கியதும் துணியை எடுத்துத் துடைப்பேன், அவ்வளவுதான்.

விமலா அவன் சாப்பிட்ட தட்டிலேயே போட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். அவன் கடித்து வைத்த மிளகாயை எடுத்துக் கடித்தாள். நான் வளர்த்த பெண், யார் வாய் வைத்த தம்ளரையும் தொடாமல் வளர்த்த பெண். அன்றிலிருந்து நான் என் அறையில் தனியாகச் சாப்பிட்டேன்.

ஆனால் இதற்கெல்லாமா ஒரு மனிதனை, என்று கேட்பீர்கள். இல்லை. பக்கத்து வீட்டு முத்தாயி விஷயம் நடந்திராவிட்டால் நான் இன்னும் பொறுத்துப்போயிருப்பேன்.

அந்தக் கிழவிக்கு ஒருநாள் வாந்தியும் பேதியும். பிள்ளைகள் சிங்கப்பூரில். நான் பென்ஷன் விஷயமாக பஸ் ஏறி டவுனுக்குப் போயிருந்தேன். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்களாம். முகுந்தன் அவளைக் குழந்தை மாதிரி தூக்கி என் காரின் பின்சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுபோயிருக்கிறான். கொஞ்சம் தாமதித்திருந்தால் போயிருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். தெருவே அவனைப் புகழ்ந்தது. கிழவி வீடு திரும்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அமிர்தம், ஒங்க மாப்ள தெய்வம்யா" என்று அழுதாள். நான் தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் கை கழுவினேன்.

அவன் சீட்டைச் சுத்தம் பண்ணிவிட்டதாகச் சொன்னான். எப்படிப் பண்ணினான் தெரியுமா? பாத்திரம் துடைக்கிற துணியால் துடைத்து, மேலே முகப்பவுடரைக் கொட்டியிருந்தான். நான் சீட்டைக் கழற்றினேன். அது தோல் சீட்டின் தையலுக்குள் இறங்கி, அடியில் பஞ்சில் ஊறி, கார்ப்பெட் வரைக்கும் வந்திருந்தது. வெயிலில் வெந்து மேலே பவுடர் வாசமும் கீழே அந்த வாசமுமாக இருந்தது. வடிகால் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். முகுந்தன் ஓடிவந்து என் முதுகைத் தடவினான். "ஒடம்பு முடியலையா மச்சான்?" என்றான். அந்தக் கை என் முதுகில் இருந்தது. அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. இவன் இருக்கும்வரை எதுவும் சுத்தமாகாது.

மறுநாள் அவன் பிராயச்சித்தமாகப் புது சீட் உறை வாங்கி வந்தான். புலித்தோல் டிசைன்.

எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கோலா சாவா போக வேண்டும், சோற்றுக் குண்டானும் சாம்பார் குண்டானும் ஏற்ற வேண்டும், கார் வேண்டும் என்று கேட்டான். பிரேக் தேய்ந்திருக்கிறது, மாற்றிவிட்டுத் தருகிறேன் என்றேன். அது உண்மை, தேய்ந்துதான் இருந்தது. திருவிழாவுக்கு முந்தின நாள் நாலு சக்கரத்தையும் கழற்றினேன். பின்னால் இரண்டும், முன்னால் வலதும் முடித்துப் புள்ளி வைத்தேன். இடது முன் சக்கரத்தில் எல்லாவற்றையும் மாட்டினேன், கடைசியாக முடுக்க வேண்டியதை முடுக்காமல் சக்கரத்தைப் போட்டு மூடினேன். எது என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் ஆட்களை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மூன்றில் மஞ்சள் புள்ளி இருக்கும், நாலாவதில் இருக்காது. மறந்தவன் செய்கிற வேலையா அது? டவுனுக்குள் மெதுவாக ஓட்டினால் தாங்கும், ரந்தாவ் தாண்டி இறக்கத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் அழுத்திப் பிடித்தால் தாங்காது. நான் கணக்குப் போட்டபடியேதான் நடந்தது.

காலையில் நான் பழம் வைத்தேன். மூன்று பழம்.

இதைக் கொஞ்சம் கவனித்து எழுதுங்கள் சார். முடித்த சக்கரத்துக்கு வைத்தேன், முடிக்காததற்கு வைக்கவில்லை. என் வாயால் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. முகுந்தன் வேட்டியும் விபூதியுமாக வந்து, "பழம் வெச்சாச்சா மச்சான்?" என்று கேட்டான். பிரேக் சரியா என்று அவன் கேட்கவே மாட்டான், பழத்தைத்தான் கேட்பான். நான் கீழே கையைக் காட்டினேன். அவன் நின்ற பக்கம் வலது பக்கம். அங்கே இரண்டு பழமும் இருந்தன. ஒரு சுற்று சுற்றி வந்திருந்தால் இடது பக்கம் ஒன்று குறைவது தெரிந்திருக்கும். பழம் இல்லாத காரில் அவன் ஏறியிருக்க மாட்டான், அந்த அளவுக்கு அவனுக்கு நம்பிக்கை உண்டு. அவன் பிழைப்பதற்கு நான் வழி வைத்திருந்தேன். சுற்றிப் பார்க்காதது அவன் குற்றம். அவன் எதையும் ஒழுங்காகப் பார்த்தவன் இல்லை.

விமலா போவதாக இல்லை. அவளுக்கு ரெண்டு நாளாகக் காய்ச்சல், வீட்டிலேயே இருப்பதாகத்தான் பேச்சு. ஆகவே நான் செய்ததெல்லாம் அவளுக்காகத்தான். மறுபடியும் நானும் அவளும், துடைத்த வீடும், துடைத்த காரும். அதைத்தான் நினைத்திருந்தேன்.

நீங்கள் குறித்துவைத்திருப்பதை நான் பார்க்க வேண்டியதில்லை. விமலா உங்களிடம் நாலு பழம் என்று சொல்லியிருப்பாள். "எங்க அண்ணே நாலு சக்கரத்துக்கும் வெச்சாரு, நானே கண்ணால பார்த்தேன், அவர் மேல தப்பு இருக்காது" என்று சொல்லியிருப்பாள். என்னிடமும் அதையேதான் படுக்கையில் கிடந்தபடி சொன்னாள், என் கையைப் பிடித்துக்கொண்டு. அவளும் பொய் சொல்கிறவள் இல்லை.

முகுந்தன் எஞ்சினைப் போட்டுவிட்டான். அப்போது அவள் தலை குளித்து, புதுப் புடவை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "காய்ச்சல் விட்டிருச்சுண்ணே. நானும் போயிட்டு ஆத்தாவப் பார்த்துட்டு வந்துர்றேன்" என்றாள். இடது பக்கமாக வந்தாள், அவள் உட்காருகிற பக்கம் அதுதான். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முகுந்தன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவளிடம் ஒரு வடையைக் கொடுத்தான், பாதி கடித்த வடை. அவள் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். விரலை நக்கினாள்.

பிறகு குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள்.

"என்னண்ணே, இங்க பழத்தக் காணோம்? மறந்துட்டீங்களா?"

நாலாவது பழம் என் சட்டைப்பையில் இருந்தது. ஏன் அதைப் பையில் வைத்திருந்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். கடையில் நாலாகத்தான் வாங்கியிருந்தேன். அதை எடுத்துத் துண்டால் ஒருமுறை துடைத்தேன். குனிந்து இடது முன் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன், உருளாமல் நிற்கும்படி விரலால் அழுத்தி வைத்தேன்.

"இப்பத்தான் நிம்மதி" என்று சொல்லிவிட்டு அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள் சார். அந்த வீட்டில் என்னைத் தவிர அந்தக் கதவை மெதுவாகச் சாத்தத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.